காதர் பாயின் கை

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருப்பவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நான் குணப்படுத்திய கதை ஒன்று வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்; அவர்கள் யாருக்கும் ஒரு கேஸ்கூடத் தவறிப் போனதில்லை போலிருக்கிறது. நான் எழுதப் போவது, என் வாய்ச் சாமர்த்தியத்தால் எட்டுப் பேர் சாக இருந்த கதை. எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அப்போது ராயபுரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. வாசலில் 'மனநல ஆலோசனை' என்று போர்டு. முதல் மூன்று மாதம் வந்தவர்களில் ஒருவர் திருஷ்டி கழிப்பீர்களா என்று கேட்டார். இன்னொருவர் ரேஷன் கார்டு மனு எழுதித் தரச் சொன்னார். பிறகு நிஜமாகவே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாரும் நேராக மாடி ஏற மாட்டார்கள். கீழே ஒரு தலைவலி மாத்திரை வாங்கி, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். என்னால் மருந்துக் கடைக்காரருக்குத் தலைவலி மாத்திரை வியாபாரம் அமோகமாக நடந்தது.

ஆளுக்குத் தகுந்த வைத்தியம் என்பதில் எனக்கு அப்போதே கொஞ்சம் கர்வம் உண்டு. ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவருக்கு முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது. நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டேன், மூன்று வருடத்துத் துக்கத்தைக் கொட்டினார். தண்டையார்பேட்டைத் தோல் வியாபாரி ஒருவர் நடந்தால்தான் பேசுவார். அவரோடு கடற்கரை வரை போய்த் திரும்புவேன். மீன் விற்கிற பெண்களுக்குக் கை சும்மா இருந்தால் வாய் திறக்காது என்று தெரிந்ததும் அறையில் ஒரு முறமும் கல் கலந்த அரிசியும் வைத்திருந்தேன்.

இதெல்லாம் நல்லதுதான். கெடுத்தது நெட்டுக்குப்பத்துப் பெண் ஒருத்தியின் கேஸ். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. தினமும் மத்தியானம், வீட்டுச் சுவரில் துடுப்பைச் சார்த்தி வைக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கும். வெளியே போய்ப் பார்த்தால் துடுப்பும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டான். அவளை வாசலில் நின்று அந்தச் சத்தத்தோடு பேச வைத்தேன். சண்டை போட வைத்தேன், அழ வைத்தேன், கடைசியில் 'நீ போ' என்று சொல்ல வைத்தேன். மூன்றே தடவை. சத்தம் நின்றுவிட்டது. அவள் நிம்மதியாகத் தூங்கினாள். எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. போனவர்களைப் போகச் சொல்லும் வித்தை கைக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சவரிமுத்து வந்தது அந்தச் சமயத்தில்தான். துறைமுகத்தில் கப்பலில் சரக்கு இறக்கும் கூட்டத்தில் வின்ச், அதாவது சரக்குத் தூக்கும் இயந்திரம், ஓட்டுகிறவர். நாற்பது வயது, கட்டுமஸ்தான ஆள், கழுத்தில் ஜெபமாலை. அவருடைய மனைவி பிலோமி அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள்.

"சோத்துல கைய வெச்சிட்டு அப்டியே குந்திகினு கீது டாக்டரம்மா," என்றாள். நான் டாக்டர் இல்லை என்று சொல்வதை அதற்குள் விட்டிருந்தேன். "செவுத்தையே பாத்துகினு கீது. கொழம்பு ஆறிப் போவுது. அப்பால திடீர்னு துன்ன ஆரம்பிக்குது. இன்னாய்யான்னு கேட்டா, சிக்னல் வர்லன்னுது. வாசப்படி தாண்டறதுக்கும் சிக்னலு, பாயை வுட்டு எந்திரிக்கறதுக்கும் சிக்னலு. பேஜாரா கீது."

அவர்கள் வேலையை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் மேலே புரியும். வின்ச் ஓட்டுகிறவர் நிற்கிற இடத்திலிருந்து கப்பலின் அடிவயிறு தெரியாது. அந்தப் பள்ளத்தில் எட்டுப் பேர் நின்று சரக்கைக் கட்டுவார்கள், அவிழ்ப்பார்கள். பள்ளத்தின் விளிம்பில் சிக்னல்காரர் நிற்பார். கீழே இருப்பவர்களும் அவருக்குத் தெரிவார்கள், வின்ச்சும் தெரியும். வாயால் சொன்னால் 'அபீஸ்' என்றால் தூக்கு, 'ஆரியா' என்றால் இறக்கு. ஆனால் வின்ச் இரைச்சலில் வாய் எடுபடாது. எல்லாம் கைதான். வின்ச்காரர் சரக்கைப் பார்க்கக் கூடாது, கயிற்றைப் பார்க்கக் கூடாது, அந்தக் கையை மட்டும் பார்க்க வேண்டும். கண்ணை எடுத்தால் கீழே ஆள் உயிரோடு இருக்க மாட்டார்.

சவரியின் சிக்னல்காரர் காதர் பாய். பதினோரு வருடம் ஜோடி. நாலு மாதத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் வீட்டில் படுத்து, பத்து நாளில் போய்விட்டார். வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான், சின்ன வயதிலேயே போனது.

"அவன் மூஞ்சிய பாத்தத வுட கைய பாத்ததுதான்மா ஜாஸ்தி," என்றார் சவரி. "ரோட்ல எதிர வந்தா மொதல்ல கையத்தான் பாப்பேன். அப்பாலதான் காதருன்னு புரியும்."

"இப்போ அந்தக் கை தெரியுதா?"

"தெரியுது. புச்சா ஏழுமலைன்னு ஒருத்தன் நிக்கறான். அவன் தோளுக்குப் பின்னால காதர் கை வரும். பாதி வெரலு. அது காட்டி ஒரு நொடி கழிச்சி ஏழுமலை அதையே காட்டுவான்."

"ரெண்டும் வேற வேற காட்டினா?"

"காட்னதே இல்லம்மா. காதர் கை இதுவரைக்கும் தப்பா சொன்னதில்ல."

அவர் முகத்தில் பயம் இல்லை. அது என்னைக் கொஞ்சம் உலுக்கியது. உங்களுக்கு என்னிடமிருந்து என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கப்பல்ல அது இருக்கட்டும். வூட்டுக்கு மட்டும் வர வாணான்னு சொல்ல முடியுமா?"

எவ்வளவு சின்ன வேண்டுகோள், எவ்வளவு தெளிவாகக் கேட்டார் பாருங்கள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எட்டுப் பேர் உயிர் ஒரு செத்த மனிதரின் கையில் தொங்குவதா என்று எனக்குப் பதறியது. அதோடு நெட்டுக்குப்பம் மனசுக்குள் உட்கார்ந்திருந்தது. வேலை முடிந்தால் எப்படி சிக்னல் காட்டுவார்கள் என்று கேட்டேன். இரண்டு கையையும் தட்டி உதறிவிட்டு முதுகைக் காட்டித் திரும்புவார்களாம்.

"அதைக் காதர் பாய்க்குக் காட்டுங்க."

அவர் தயங்கினார். "அத்த நான் காட்டக் கூடாதும்மா. வேலை முடிஞ்சிச்சின்னு சொல்றது வின்ச்சுக்காரன் இல்ல. சிக்னல்காரன்தான்."

"பரவாயில்லை, காட்டுங்க," என்றேன்.

இந்த இடத்தை நீங்கள் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தன் தொழிலின் விதியை ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நான் பரவாயில்லை என்கிறேன். ஐம்பது வருடத்தில் நான் சொன்ன மோசமான வார்த்தை அதுதான்.

சவரி எழுந்து சுவரைப் பார்த்து நின்றார். அவர் கண் ஓரிடத்தில் நிலைத்தது. மெதுவாக இரண்டு கையையும் தட்டி உதறினார். திரும்பி முதுகைக் காட்டினார். தோள் இரண்டும் கீழே இறங்கின.

"பூட்டான்," என்றார்.

நான் சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். அங்கே எதுவும் இல்லை, முன்பும் எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று காலி செய்துவிட்டுப் போன இடம்போல அது எனக்குத் தெரிந்தது. பிலோமியிடம் இதைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு வாரத்தில் தூக்குச்சட்டியில் வஞ்சிர மீன் குழம்பு வந்தது. சவரி ஒழுங்காகச் சாப்பிடுகிறார், சிரிக்கிறார், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார் என்று பிலோமி சொல்லி அனுப்பியிருந்தாள். நான் குழம்பை ருசித்துச் சாப்பிட்டேன்.

இருபது நாள் கழிந்திருக்கும். பகல் பன்னிரண்டரை மணி. இரண்டு பேரும் மாடி ஏறி வந்தார்கள். பிலோமி அழுதிருந்தாள். சவரிக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட். நான் கையை நீட்டி நாற்காலியைக் காட்டி, உட்காருங்க என்றேன். அவர் உட்காரவில்லை. என் ரவிக்கைக் கையின் நுனியிலேயே அவர் பார்வை நின்றது.

"உன் கையும் இல்ல டாக்டரம்மா," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து யாருக்கும் கை இல்ல. ஏழுமலைக்கு சட்டை கீது, முழங்கை கீது, அதுக்கப்பால ஒண்ணுமில்ல. கடல் தெரியுது. பிலோமி சோறு போட்டா, கரண்டி தானா வருது."

"நேத்து மத்தியானமா? அதுக்கப்புறம் வின்ச் ஓட்டினீங்களா?"

"ஓட்னேன். காதுல கேட்டுகினு ஓட்னேன். சரக்கு தரைல படற சத்தம், ஆளுங்க கத்தற சத்தம்."

"கீழே எத்தனை பேர்?"

"எட்டு. இன்னிக்கும் எட்டு. இரும்பு கம்பி எறக்கறோம்."

போகச் சொன்னது ஒரு கையை. ஊரில் உள்ள அத்தனை கையும் அதோடு சேர்ந்து போய்விட்டது. நான் என் கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது அங்கே இருக்கிறதா என்று பார்க்கத்தான் தூக்கினேன்.

கீழே மருந்துக் கடையில் போன் இருந்தது. அவரை வேலைக்கு வைத்திருந்த கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், வின்ச்சிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதோடு சவரிக்குப் பைத்தியம் என்ற பேரும் கிடைக்கும். பிறகு எந்தக் கப்பலிலும் அவரை ஏற்ற மாட்டார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள். என்னை நம்பி ரகசியமாக மாடி ஏறி வந்தவரை நானே தெருவில் நிறுத்துவேன். சொல்லாவிட்டால் எட்டுப் பேர்.

போன் செய்யப் போகிறேன் என்று சொன்னேன். பிலோமி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். சவரி அவளை விலக்கினார்.

"வுடு பிலோமி. பண்ணட்டும். எட்டு பேருக்கும் வூடு வாசல் கீது," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு கடுமையான வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மாடிப்படி வரைக்கும் போய்விட்டேன். பின்னாலிருந்து அவர் சொன்னார்: "என் கை மட்டும் தெரியுதும்மா. ஆனா அது என் கை இல்ல."

திரும்பி வந்தேன். வலது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆள்காட்டி வெரலு பாதிதான் கீது," என்றார்.

எனக்குத் தெரிந்தது முழு விரல். நகம்கூட இருந்தது, ஓரத்தில் கிரீஸ் கறை. அதன் நுனியை என் விரலால் அழுத்தி, இது என்ன என்று கேட்டேன்.

"எத்தக் கேக்கற?" என்றார். அங்கே ஒன்றுமே இல்லாததுபோல என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அப்போதுதான், இருபது நாள் தாமதமாக, அவர் சொன்னது என் காதில் விழுந்தது. வேலை முடிந்தது என்று சொல்வது வின்ச்காரர் இல்லை. சிக்னல்காரர்தான். நான் அவரை அதைச் சொல்ல வைத்தேன். சொன்ன கணமே அவரைச் சிக்னல்காரர் ஆக்கிவிட்டேன். காதர் பாயின் கை எங்கேயும் போகவில்லை. இவரிடம் வந்துவிட்டது.

"சிக்னல்காரருக்கு யார் கை காட்டுவாங்க சவரி?"

"யாரும் காட்ட மாட்டாங்க. அவனுக்கு அவன் கைதான்."

"அவர் எதைப் பார்ப்பார்?"

"கீழ கீற ஆளுங்கள," என்றார். சொல்லிவிட்டு அவரே நின்றுபோனார்.

என் அறைக்கு வரும் மாடிப்படி செங்குத்தானது, பதினேழு படி. கீழே கதவு திறந்திருந்தால்தான் வெளிச்சம். பிலோமியைக் கீழே அனுப்பி, ஒரு வாளியில் தளும்பத் தளும்பத் தண்ணீர் எடுத்து, படியைப் பார்க்காமல் மேலே நிற்கிறவர் கையை மட்டும் பார்த்து ஏறி வரச் சொன்னேன். சவரி படி உச்சியில் நின்றார். நான் அவர் பின்னால் நின்றேன்.

அவர் நின்ற விதமே மாறியது. கால் அகன்றது, உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. கை உயர்ந்தது, விரல்கள் மெல்ல அசைந்தன. பிலோமி ஏறினாள். ஒரு படி, இன்னொரு படி. தண்ணீர் சிந்தவில்லை. பத்தாவது படிக்குக் காலைத் தூக்கப் போனவளைப் பார்த்து அவர் உள்ளங்கை சட்டென்று விரிந்தது. நில். அவள் நின்றாள்.

ஏன் நிறுத்தினார் என்று எனக்குப் புரியவில்லை. கீழே யாரும் இல்லை, படி ஒழுங்காக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தெருக்கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டது. படிக்கட்டு முழுக்க இருட்டு. யாரோ ஓடிவந்து கதவைத் திறந்தபோது பிலோமி அதே படியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள், வாளியும் அப்படியே.

"கதவு சாத்தப் போகுதுன்னு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"எனுக்குத் தெரியாது. கை நின்னிச்சி," என்றார்.

ஏழுமலை அதற்கு முன் வேறொரு கூட்டத்தில் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தவன் என்று அவர்தான் சொன்னார். ஆள் இல்லாததால் சிக்னலுக்கு நிறுத்தியிருந்தார்களாம். இரண்டு பேரும் இடம் மாற்றிக்கொள்ள மேஸ்திரி ஒருவர் தலையாட்டினால் போதும். வின்ச் கைப்பிடியை இன்றைக்குத் தொட மாட்டேன் என்று சவரி பிலோமியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். மேஸ்திரி ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்று வலி என்று வெளியே வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

நீங்களாக இருந்தால் போன் செய்திருப்பீர்கள். சரிதான், அப்படித்தான் செய்ய வேண்டும். இன்றைக்கு என்னிடம் யோசனை கேட்டு வந்தால் நானும் அதையேதான் சொல்வேன்.

அன்று நான் போன் செய்யவில்லை. துறைமுகக் கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இரண்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பெண்பிள்ளை தனியாக என்ன செய்கிறாள் என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்தான். மதிலுக்கு மேலே கப்பலின் தூக்குக் கம்பங்கள் மட்டும் தெரிந்தன. இரும்புக் கட்டு உயரும், ஆடாமல் நிற்கும், இறங்கி மறையும். ஒவ்வொரு முறை அது மறையும்போதும் கீழிருந்து ஓர் அலறல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு ஜெபம் தெரியாது. தெரிந்த மாதிரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

சங்கு ஊதியது. துருத்தூள் படிந்த ஆட்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் யார் அந்த எட்டுப் பேர் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லார் முகத்தையும் பார்த்தேன். கடைசியாகச் சவரி வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் தட்டி உதறினார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் வின்ச் ஓட்டவில்லை, சிக்னல்காரராகவே இருந்து ஓய்வு பெற்றார். அவர் நின்ற கப்பலில் ஒருவருக்கும் அடிபட்டதில்லை. மற்றவர்களின் கைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் சோறு போடும்போது பிலோமியின் கை, பிறகு பிள்ளைகளுடையது, கடைசியில் என்னுடையது. வீட்டில் சிக்னலுக்காகக் காத்திருப்பதும் போய்விட்டது. சிக்னல்காரர் வீட்டில் யாருக்காகக் காத்திருப்பார்? தன் விரல் மட்டும் அவருக்குக் கடைசிவரை பாதியாகவே தெரிந்தது. அதை ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். இந்த முறை நான் கேட்டுக்கொண்டேன்.

அவர் இறந்தபோது போயிருந்தேன். மார்பின் மேல் கை கோத்து, ஜெபமாலை சுற்றி வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். விரல் முழுசாகத்தான் இருந்தது. பிலோமி என்னைப் பார்த்துவிட்டு, "நானும் பாத்தேன் டாக்டரம்மா," என்றாள்.

அதற்குப் பிறகும் சில வருடம் நான் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருப்பார். பாதிக் கதையிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருக்கும், இதே மாதிரி முன்பு ஒருத்திக்குப் பலித்த ஒரு பதில் நாக்கு நுனிக்கு வந்துவிடும். அந்த மாதிரி நேரங்களில் சில தடவை, அவர் தோளுக்குப் பின்னால், வெள்ளைச் சுவரை ஒட்டி, ஒரு கை உயரும். ஆள்காட்டி விரல் பாதி. உள்ளங்கை விரிந்திருக்கும்.

நான் வாயை மூடிக்கொள்வேன். எதிரே இருப்பவர் இன்னும் ஒரு வார்த்தை சொல்வார், அது நான் நினைத்திருந்ததாக ஒரு தடவைகூட இருந்ததில்லை. அந்தக் கையை நான் இதுவரை போகச் சொன்னதில்லை.